உவமையில் தொடங்கி குறியீடு வரை: எவ்வளவு சொல்லாமல் விடுகிறார்கள்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். உவமை, உருவகம், பிறிதுமொழிதல், உள்ளுறை, படிமம், குறியீடு, எதுகை, மோனை எல்லாம் ரியூசன் கொப்பியில் விளக்கத்தோடு இருக்கின்றன, மனப்பாடமும் செய்துவிட்டாள். ஆனால் தெரியாத ஒரு பாடலைக் கையில் கொடுத்தால் தடுமாறுகிறாள். "எல்லாமே உவமை மாதிரித்தானே இருக்கு" என்கிறாளாம். இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, நயம் எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

மகள் சொல்வது பாதி சரி. அந்தப் பட்டியலில் முதல் ஆறும் ஒரே குடும்பம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை உணர வைப்பதுதான் எல்லாவற்றின் வேலையும். வேறுபடுவது ஒரு விஷயத்தில் மட்டும்: புலவர் எவ்வளவை வெளியே சொல்கிறார், எவ்வளவை நம்மிடம் விட்டுவிடுகிறார் என்பதில். உவமையில் ஏறக்குறைய எல்லாமே வெளியே இருக்கும். ஒவ்வொரு படியாக ஏதாவது ஒன்று மறைந்துகொண்டே போகும். தனித்தனி வரைவிலக்கணமாகப் படிக்காமல் இந்த ஒழுங்கில் படித்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

உவமையில் நாலு உறுப்பு. சொல்ல வந்த பொருள் (உவமேயம்), ஒப்பாகக் காட்டும் பொருள் (உவமானம்), போல, அன்ன, நிகர்த்த போன்ற உவம உருபு, இரண்டுக்கும் பொதுவான தன்மை. இதில் கடைசி உறுப்பில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்கி, உன் தாயும் என் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று கேட்டுவிட்டு, "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று முடியும். செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன.

பொதுத்தன்மை என்ன என்று கேட்டால் 'சிவப்பு நிறம்' என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. கண்ணில் முதலில் படுவது நிறம்தான். ஆனால் பாட்டு நிறத்துக்காக அந்த உவமையைத் தேடவில்லை. வானத்திலிருந்து வந்த நீருக்கும் கீழே கிடந்த மண்ணுக்கும் முன்பின் உறவே கிடையாது. விழுந்த பிறகோ எது நீர், எது மண் என்று பிரிக்க முடியாது. முதல் மூன்று கேள்விகளும் 'உறவு இல்லை' என்பதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தன? அந்தக் கேள்விகளை வெட்டிவிட்டால் இந்த உவமை பாதிப் பலத்தை இழந்துவிடும். பாடிய புலவரின் சொந்தப் பெயர் மறைந்து, இந்தத் தொடரை வைத்தே செம்புலப்பெயனீரார் என்ற பெயர் நின்றதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

தொல்காப்பியம் இதற்கு ஒரு நல்ல கருவி தருகிறது. உவமை பிறக்கும் இடம் நாலு என்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். ஒரு உவமையைக் கண்டதும் இந்த நாலில் எதனால் ஒப்பிடுகிறார்கள் என்று மகளைக் கேளுங்கள். மேலே உள்ள பாட்டில் 'கலத்தல்' என்ற வினை. நிறம் சும்மா கூட வந்தது. இந்த ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொண்டாலே அவளுடைய நயம் மாறிவிடும்.

அடுத்த படி உருவகம். இங்கே 'போல' போய்விடும். இது அது போல என்று சொல்லாமல், இதுதான் அது என்று சொல்லிவிடுவது. இரண்டு சொல் சேர்ந்து ஒரே சொல்லாக, அதாவது தொகையாக வரும்போது சொல் வரிசையைப் பார்த்தால் போதும். ஒப்புப்பொருள் முன்னால் வந்தால் உவமைத்தொகை: மலர்விழி, தாமரைமுகம். சொல்ல வந்த பொருள் முன்னால் வந்தால் உருவகம்: விழிமலர், முகத்தாமரை. தனி வாக்கியமாக வந்தால் இந்த வரிசைக் கணக்கு செல்லாது, 'அவன் சிங்கம்' என்பதும் உருவகம்தான்.

"பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது. கடலென்றால் கடக்க ஒரு தெப்பம் வேண்டுமே? இறைவனடிதான் தெப்பம், ஆனால் வள்ளுவர் அதைச் சொல்லவில்லை. ஒன்றை உருவகித்து அதனோடு தொடர்புடைய மற்றதைச் சொல்லாமல் விட்டால் ஏகதேச உருவகம். பெயரைக் கேட்டால் பெரிய விஷயம் போல இருக்கும், உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

இடையில் எடுத்துக்காட்டு உவமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை உருவகத்தோடு குழப்புவார்கள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு." இரண்டு தனி வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, 'அதுபோல' என்ற சொல்லை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். உருபு இல்லாததால் இதை உருவகம் என்று எழுதிவிடக் கூடாது. கடவுள்தான் அகரம் என்று குறள் சொல்லவில்லை.

சரி, அடுத்து சொல்ல வந்த பொருளே காணாமல் போகும் படி. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். குறளில் இருப்பது வண்டியும் இறகும் மட்டும். மெலிந்த பகைவர்கள்தானே என்று பலரை ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளும் அரசன் அதில் எங்கும் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் அது நிற்பதால்தான் அரசனைப் பற்றிய பேச்சு என்று தெரிகிறது. இதுதான் பிறிதுமொழிதல். வீட்டில் நாம் ஓயாமல் செய்வதும் இதுவே. கெட்டிக்காரர் ஒருவர் சறுக்கியதைப் பற்றிக் கதைக்கும்போது 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோமே, அங்கே யானையைத் தவிர யாருடைய பெயரும் வருவதில்லை.

உள்ளுறை இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சங்கப் பாடல்களின் ருசியே பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. குறுந்தொகை 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

"கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே"

பேசுகிறவள் பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிப்போன பெண். தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அவளைச் சேர்ந்தவர்களின் காதில் விழும்படி பேசுகிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான், தன் வீட்டிலோ கண்ணாடிக்குள் தெரியும் உருவம் மாதிரி, முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கிக்கொண்டு, மகனின் தாய் விரும்புவதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். ஆடிப் பாவை வெளிப்படையான உவமை, 'போல' இருக்கிறது, மகளுக்கே பிடிபடும்.

முதல் இரண்டு வரிதான் விஷயம். அவனுடைய ஊரில், வயலோரத்து மாமரத்தில் பழுத்து தானாக விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும். பார்த்தால் வெறும் ஊர் வருணனை. 'போல' இல்லை, ஒப்பிடுகிறேன் என்ற சாடையே இல்லை. ஆனால் அவள் சொல்ல வருவதைப் பொருத்திப் பாருங்கள். மீன் மரத்தில் ஏறவில்லை, பழத்தைத் தேடிப் போகவுமில்லை. பழம்தான் தானாக வந்து விழுந்தது. நான் உன் கணவனை மயக்கி இழுக்கவில்லை, அவனாக வந்தான்! தன்மீது வைத்த பழியை ஒரு மாம்பழத்தால் திருப்பி அனுப்பிவிட்டாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாக மட்டும் இருந்திருக்கும்.

பாட்டு நடக்கும் நில வகைக்கு, அதாவது அந்தத் திணைக்குரிய மரம், மீன், பறவை போன்ற கருப்பொருள்களை வைத்து, சொல்லாத செய்தியோடு ஒவ்வொன்றாகப் பொருந்தும்படி அமைப்பது உள்ளுறை. இறைச்சி என்ற இன்னொன்றும் உண்டு. அதுவும் கருப்பொருளிலிருந்தே பிறக்கும், ஆனால் இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிட முடியாமல் புறத்தே ஒரு குறிப்பாக நிற்கும். இரண்டையும் எங்கே பிரிப்பது என்பதில் உரையாசிரியர்களே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. ஆகவே சாதாரண தரப் பிள்ளை அதில் தலையை உடைக்க வேண்டியதில்லை.

படிமத்துக்கு வருவோம். இது புதுக்கவிதை பற்றிய பேச்சோடு பரவிய சொல். அதனால் பழைய பாட்டில் படிமம் கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். தலைவன் தன்னோடு கூடிய அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு ஞாபகம் வந்தது போல, "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு" என்கிறாள். தினையின் தாள் போன்ற மெல்லிய பச்சைக் கால்களோடு ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்தபடி ஒரு குருகு நின்றது.

'தினைத்தாள் அன்ன' உவமை. அது சின்ன விஷயம். முழுக் குருகும் எதற்கு ஒப்பு? எதற்கும் இல்லை. அது ஒரு பறவை, மீனுக்காக நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் தன் வாழ்க்கையே மாறிய நேரத்துக்கு இருந்த ஒரே சாட்சி, தன்னைப் பார்க்கவே இல்லாத, பார்த்திருந்தாலும் பேசமுடியாத ஒரு பறவை என்ற திகில் அந்தக் காட்சி வழியே நமக்குள் இறங்குகிறது. பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவேயில்லை. புலனுக்குத் தெரிகிற ஒரு காட்சி, விளக்கம் இல்லாமலே ஒரு உணர்வைச் சுமந்து வந்தால் அது படிமம். உவமை, உருவகம் வழியாகவும் படிமம் எழலாம், அவை இல்லாமலும் எழலாம். 'இது உவமையா படிமமா' என்ற கேள்வியே சில இடங்களில் பிழை, இரண்டுமாக இருக்க முடியும். திருகோணமலையில் பிறந்த பிரமிளின் மிகச் சிறிய கவிதை ஒன்றில், சிறகைப் பிரிந்த இறகு காற்றின் பக்கங்களில் பறவையின் வாழ்வை எழுதிக்கொண்டு போகும். காற்றுக்குப் பக்கங்கள் என்பது உருவகம். ஆனால் படித்து முடித்ததும் மனதில் நிற்பது தனியாக மிதக்கும் அந்த இறகு.

குறியீடு என்பது ஒரு பொருள் தானாகவும் இருந்து, தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுமப்பது. பொதுவாக ஒரு வரியில் அது அமைவதில்லை, படைப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து கனம் சேர்க்கும். சிலப்பதிகாரத்தில் சிலம்பு முதலில் ஒரு நகை. விற்கக் கொண்டுபோன பொருள். பிறகு திருட்டுக் குற்றச்சாட்டு, கொலை, அரசவையில் உடைந்து மாணிக்கப்பரல் தெறிப்பது என்று கடந்து வரும்போது அது நீதியின் அடையாளமாகிவிடுகிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற சின்ன வித்தியாசத்தில் ஒரு அரசே கவிழ்கிறது.

இதை மகளுக்குப் பயிற்சியாக்க, ஒரே பொருளை எடுத்து எல்லாப் படியிலும் எழுதச் சொல்லுங்கள். காலிமுகத்திடலுக்குப் போனால் பட்டங்கள் பறக்குமே, அதையே எடுக்கலாம். 'நூலறுந்த பட்டம் போல அலைகிறான்', உவமை. 'ஆசைப் பட்டம் ஏறிக்கொண்டே போனது', உருவகம். கண்டிப்பு மிஞ்சிய ஒரு தகப்பனிடம் மகனின் பெயரையே எடுக்காமல் 'நூலை இழுத்துக்கொண்டே இருந்தால் பட்டம் எப்படி மேலே போகும்' என்றால் பிறிதுமொழிதல். வெளிநாடு போன அண்ணனைப் பற்றிய கவிதையில், விளக்கம் எதுவும் இல்லாமல், மின்கம்பியில் மாட்டிய பட்டத்தின் வால் மட்டும் மழையில் ஆடுவதைக் காட்டினால் படிமம். அதே பட்டம் ஒரு கதையில் அண்ணன் செய்தபோதும், அவன் போன அன்றும், அம்மா வீட்டைக் காலி செய்யும்போதும் வந்தால் குறியீடாகத் தொடங்குகிறது. உள்ளுறைக்கு மட்டும் பட்டம் பொருந்தாது, அது திணைமரபோடு பிறந்தது.

இந்தக் குடும்பத்துக்கு வெளியே, அடிக்கடி மாறிப்போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'வெள்ளவத்தை உறங்கிவிட்டது' என்றால் அங்குள்ள மக்கள் உறங்கினார்கள் என்று பொருள். அது இடவாகுபெயர், அணி அல்ல. 'கடல் உறங்கிவிட்டது' என்றால் கடலுக்கு மனிதச் செயலை ஏற்றியிருக்கிறோம். தற்குறிப்பேற்றம் இரண்டுமில்லை. இயல்பாக நடக்கும் ஒன்றுக்குப் புலவர் தன் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்ற வேண்டும். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவோ, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று மறித்துக் கைகாட்டுவது போல ஆடின என்கிறார்: "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட". அங்கே 'போல்' இருக்கிறதே, உவமையில்லையா என்று மகள் கேட்பாள். நல்ல கேள்வி. கொடி கைக்கு ஒப்பிடப்படுவதோடு விஷயம் முடியவில்லை, கொடி ஆடியதற்கே ஒரு நோக்கம் கற்பிக்கப்படுகிறது. நோக்கம் வந்துவிட்டால் தற்குறிப்பேற்றம்.

புகழ்வது போலப் பழிப்பது வஞ்சப்புகழ்ச்சி. "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." கயவர் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இருவரும் தாம் விரும்பியதையே செய்வார்கள்! முதல் மூன்று சொல் வரைக்கும் புகழ்ச்சி, காரணம் வந்ததும் முகத்தில் அடி. இதைவிட நுட்பமானது புறநானூறு 95இல் ஔவையார் செய்வது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலான மனையில் அழகாக இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். தொண்டைமானின் ஆயுதங்கள் போரையே கண்டதில்லை என்பதுதான் குத்தல், ஆனால் ஒரு இடத்திலும் பழிச்சொல் இல்லை. சிலேடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே தொடர் இரண்டு பொருள் தர வேண்டும். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியபோது 'பிண்ணாக்கு' எள்ளுக்குப் புண்ணாக்காகவும் பாம்புக்குப் பிளந்த நாக்காகவும் நின்றது. கெட்டித்தனம் ரசிக்கலாம். உள்ளுறைக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிகிறது.

ஓசைக்கு நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மிகப் பழக்கமான ஒரு பாட்டே போதும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பாடியது:

"வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ
வெள்ளைநிறப் பூவுமல்ல வேறெந்த மலருமல்ல
உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது"

அடிகளின் தொடக்கத்தில் வெள்ளை, வள்ளல், வெள்ளை, உள்ள என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலெழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும், இங்கே எல்லாம் குறில். ஒவ்வொரு அடிக்குள்ளும் வெள்ளை–வேறெந்த, வள்ளல்–வாய்த்த, உள்ள–உத்தமனார் என்று முதலெழுத்து இணைவது மோனை. மோனைக்கு அதே எழுத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் போதும். இதுவரை எந்தக் கொப்பியிலும் இருக்கும். இனி ஒரு கேள்வி: அந்த எதுகை என்ன செய்கிறது? மூன்று அடியாக 'ள்ள' என்ற ஓசைக்குக் காது பழகிவிட்டது. வெள்ளையா என்று கேட்டு, வெள்ளை இல்லை என்று மறுத்தபின், அதே ஓசையோடு 'உள்ள' என்று விடை வந்து உட்காருகிறது. வெளியே இருக்கும் பூவின் இடத்தை உள்ளே இருக்கும் பூ பிடிப்பதை ஓசையே நடத்திக் காட்டுகிறது. கூடவே 'உள்ளக் கமலம்' உருவகம் என்பதையும் கவனியுங்கள், பொருள் முன்னால் வந்திருக்கிறது.

பரீட்சையில் 'இப்பாடலில் எதுகை மோனை சிறப்பாக அமைந்துள்ளது, உவமையும் கையாளப்பட்டுள்ளது' என்று எழுதுவதில் எந்தப் பாட்டையும் பற்றிய செய்தி இல்லை. பாட்டைப் படிக்காமலே அதை எழுதிவிடலாம், விடைத்தாள் திருத்துபவருக்கும் அது தெரியும். மகளிடம் ஒரே ஒழுங்கில் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தொடரை எடுத்து எழுத வேண்டும். அது எதை வெளியே சொல்கிறது, எதை விட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டு எதை இழக்கும் என்று சொல்ல வேண்டும். அணியின் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும். பெயரில் சந்தேகம் இருந்து, இந்த மூன்றும் சரியாக இருந்தால், நான் திருத்தினால் புள்ளி கொடுப்பேன். பெயர் மட்டும் இருந்தால் கொடுக்க மனம் வராது.

எல்லா அணியையும் இப்போதே படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது, அவற்றில் பல மகளுக்கு இந்த வருடம் தேவைப்படாது. நிரல்நிறை, பின்வருநிலை என்ற அணிகள் பாடத்தில் வந்தால் குறளை வைத்தே ஒரு மாலையில் முடித்துவிடலாம். அசை, சீர், தளை என்ற யாப்பு உறுப்புகள் வேறு வேலை. அதற்குத் தாளமும் கொஞ்சம் கணக்கும் வேண்டும், இதோடு கலக்க வேண்டாம். இப்போதைக்கு வாசிக்க வேண்டியது பாட்டுகள்தான். உருத்திரா மாவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உரையோடு கூடிய குறுந்தொகை கேளுங்கள். எட்டடிக்கு மேற்பட்ட பாட்டு அதில் மிகக் குறைவு, ஒரு நாளைக்கு ஒன்று தாங்கும். கைலாசபதியும் முருகையனும் சேர்ந்து எழுதிய 'கவிதை நயம்' கிடைத்தால் அதையும் எடுங்கள், ஆனால் அதை முதலில் நீங்கள் வாசித்துவிட்டு மகளிடம் கொடுங்கள்.